நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு எப்படிப் போவது? ரயில், சுற்றுலாப் பேருந்து, வாடகைக் கார், ஓரிரவுத் தங்கல்: ஓர் ஒப்பீடு

மியூனிக்கில் மூன்று நாள் தங்குகிறோம், அதில் ஒரு நாள் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு. இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. எதில் போவது என்று வரும்போதுதான் குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ரயில் மலிவு என்பார் ஒருவர். பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் கவலையில்லை என்பார் இன்னொருவர். கார் எடுத்தால் வழியில் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆனால் மூவருமே டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அந்த ஒரு நேரத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் பவேரியாவை ஆண்ட அரசர் இரண்டாம் லுட்விக் 1869 செப்டம்பர் 5 அன்று அடிக்கல் நாட்டிய கோட்டை இது. முதல் வரைபடங்களைத் தீட்டியவர் கட்டடக் கலைஞரே அல்ல. கிறிஸ்டியன் யாங்க் என்ற நாடக மேடை ஓவியர். தேவதைக் கதையிலிருந்து எழுந்து வந்ததுபோல் அது தெரிவதற்குக் காரணம் அதுதான். 1886 ஜூன் 13 அன்று அரசர் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. ஏழு வாரம் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களை உள்ளே விட்டார்கள். அன்று தொடங்கிய வரிசை இன்றும் ஓயவில்லை. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, கூட்டம் குறையப் போவதில்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது?

விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் அந்த நாள் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். இந்த ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள்.

- கோட்டைக்குள் நுழைய உங்களுக்குக் கிடைத்திருக்கும் நேரம்
- எத்தனை பேர் போகிறீர்கள், அதில் குழந்தைகள் எத்தனை
- முட்டி வலி உள்ளவர், மூச்சு வாங்குகிறவர் யாராவது உண்டா
- வார நாளா, சனி ஞாயிறா (ரயிலில் போகிறவர்களுக்கு இது முக்கியம்)
- கோட்டை மட்டும் போதுமா, சுற்றுவட்டாரமும் வேண்டுமா

## முதலில் டிக்கெட், பிறகுதான் வண்டி

கோட்டைக்குள் நாமாகச் சுற்ற முடியாது. குழுவாக, வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில்தான் நுழைய வேண்டும். ஆங்கிலம், ஜெர்மன் இரண்டிலும் வழிகாட்டி உண்டு. வேறு சில மொழிகளுக்குக் காதில் வைத்துக் கேட்கும் கருவி தருவார்கள். நேரம் தவறினால் டிக்கெட் செல்லாது. பேருந்து தாமதம், வரிசை நீளம், குழந்தை அழுதது என்று எதைச் சொன்னாலும் நுழைவாயில் தடுப்பு திறக்காது.

பெரியவர்களுக்குக் கட்டணம் 20 யூரோவைச் சற்றுத் தாண்டும். இணையத்தில் எடுத்தால் முன்பதிவுக் கட்டணம் கூடுதல். 18 வயதுக்குக் கீழே கட்டணமில்லை. ஆனால் அவர்கள் பெயருக்கும் அதே நேரத்துக்கு இலவச டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். கோடையில் நல்ல நேரங்கள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். அன்றைய டிக்கெட் கொஞ்சம் கீழே ஹோஹன்ஷ்வாங்காவ் கிராமத்து டிக்கெட் மையத்தில் கிடைக்கலாம். அதை நம்பி மியூனிக்கிலிருந்து இரண்டு மணி நேரம் பயணம் செய்வது சூதாட்டம்.

உள்ளே போகத்தான் வேண்டுமா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உள்சுற்று அரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். படம் எடுக்க அனுமதி இல்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்தால்தான் லிஃப்ட் வசதி. முடிந்திருக்கும் அறைகளும் கொஞ்சம்தான். சிம்மாசன மண்டபத்தில் சிம்மாசனமே கிடையாது, அது செய்து முடிப்பதற்குள் அரசர் போய்விட்டார். ஆனால் அவரது படுக்கையறையின் மரச் செதுக்கு வேலையில் 14 சிற்பிகள் நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். மண்டபத் தரையின் பதிகல் ஓவியமும் சாதாரணமானதல்ல. 1880களிலேயே வெந்நீர்க் குழாய், வெப்பக் காற்று, தொலைபேசி இணைப்பு எல்லாம் அமைத்திருந்தார்கள். கைவேலையையும் வரலாற்றையும் ரசிப்பவர் அவசியம் உள்ளே போகலாம். அந்தப் புகழ்பெற்ற தோற்றத்தைக் கண்ணால் பார்த்தால் போதும் என்பவருக்கு டிக்கெட்டே தேவையில்லை. கோட்டையைப் பார்க்க ஏற்ற மாரியன் பாலமும், கோட்டையைச் சுற்றியுள்ள பாதைகளும், ஆல்ப்ஸே ஏரிக்கரையும் இலவசம்.

## 1. ரயிலில் ஒரே நாளில் போய் வருவது

மியூனிக் மத்திய நிலையத்திலிருந்து ஃபூஸன் ஊர் வரை மாவட்ட ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். சில ரயில்கள் நேராகப் போகும். மற்றவற்றில் பூக்லோவிலோ கௌஃப்பாய்ரனிலோ இறங்கி மாற வேண்டும். ஃபூஸன் நிலைய வாசலிலேயே 73 அல்லது 78ஆம் எண் பேருந்து நிற்கும். பத்து நிமிடத்தில் ஹோஹன்ஷ்வாங்காவ்.

இந்த வழியின் உயிர்நாடி, பவேரியா முழுக்க ஒரு நாள் செல்லும் பயர்ன்-டிக்கெட். முதல் ஆளுக்கு 30 யூரோவைத் தாண்டிய தொகை, கூட வரும் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 10 யூரோ, மொத்தம் 5 பேர் வரை ஒரே டிக்கெட்டில் போய் வரலாம். மியூனிக் நகர மெட்ரோ, டிராம், ஃபூஸன் பேருந்து எல்லாமே அதில் அடக்கம். நான்கு பெரியவர்கள் சுமார் 65 யூரோவில் போய் வந்துவிடலாம். தலைக்கு 16 யூரோதான். பயணிகளின் பெயரை டிக்கெட்டில் எழுத வேண்டும், பரிசோதகர் அடையாள அட்டை கேட்பார். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் இது செல்லாது. ஜெர்மனியிலேயே இருக்கும் உறவினர் கையில் நாடு முழுக்க உள்ளூர், வட்டாரப் போக்குவரத்தில் செல்லும் மாதாந்திர டாய்ச்லாந்து-டிக்கெட் இருந்தால் அவருக்கு இது எதுவும் வேண்டாம், அதிலேயே வரலாம்.

மறைந்திருக்கும் சிக்கல் காலை 9 மணி விதி. திங்கள் முதல் வெள்ளி வரை பயர்ன்-டிக்கெட் 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும். வார நாளில் 9 மணிக்கு முன் கிளம்பும் ரயிலில் தெரியாமல் ஏறினால், டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததாகவே கணக்கு.

இதைக் கோட்டை நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். 9 மணிக்குப் பிறகு கிளம்பும் ரயில் ஃபூஸன் சேரும்போது பதினொன்றரை, பன்னிரண்டு ஆகிவிடும். ரயிலில் வந்த அத்தனை பேரும் ஒரே பேருந்தில் ஏற முட்டிமோதுவார்கள். சிலசமயம் அடுத்ததற்குக் காத்திருக்க நேரும். கிராமத்தில் இறங்கி, கழிப்பறைக்குப் போய், மலையேறி முடிக்க இன்னும் ஒரு மணி நேரம். வார நாள் பயணத்துக்கு மதியம் 2 மணிக்கு முந்திய நுழைவு நேரம் எடுப்பது ஆபத்து. சனி ஞாயிறில் 7 மணி வாக்கில் கிளம்பினால் 11 மணி நுழைவைத் துணிந்து எடுக்கலாம். ஆனால் அன்று ரயிலில் உட்கார இடம் கிடைக்க மியூனிக்கிலேயே இருபது நிமிடம் முன்னால் நடைமேடையில் நிற்க வேண்டியிருக்கும்.

மாறும் நிலையத்தில் இணைப்பு ரயில் தவறினால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போச்சு. அதனால் முடிந்தவரை நேரடி ரயிலையே பிடியுங்கள், அதற்கேற்ப நுழைவு நேரத்தை எடுங்கள். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இரண்டு பேருக்கு மேல் போகும் குழுவுக்கும், நடக்கத் தயங்காதவர்களுக்கும், கோட்டை ஒன்றே போதும் என்பவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

## 2. மியூனிக்கிலிருந்து சுற்றுலாப் பேருந்து

காலை எட்டரை வாக்கில் மத்திய நிலையம் அருகே ஏற்றி, இரவு ஏழு மணி வாக்கில் இறக்கிவிடுவார்கள். பெரும்பாலான பயணங்களில் லுட்விக்கின் இன்னொரு அரண்மனையான லின்டர்ஹோஃப், ஓவியம் தீட்டிய வீடுகளுக்குப் பேர்போன ஓபரம்மர்காவ் கிராமம் இரண்டும் சேர்ந்திருக்கும். (பத்தாண்டுக்கு ஒருமுறை இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்தும் ஊர் அது. அடுத்தது 2030இல்.) லின்டர்ஹோஃபுக்குப் பொதுப் போக்குவரத்தில் போவது சள்ளை பிடித்த வேலை, அதையும் இதையும் ஒரே நாளில் கார் இல்லாமல் பார்க்க இந்தப் பேருந்துதான் நடைமுறை வழி.

விளம்பரத்தில் உள்ள விலை முழு விலை அல்ல. ஆளுக்கு 60 முதல் 90 யூரோ வரை சொல்லும் பயணங்கள் பலவற்றில் அரண்மனை நுழைவுக் கட்டணம் சேராது. அதைத் தனியாக, சில இடங்களில் பேருந்திலேயே ரொக்கமாக, கட்ட வேண்டும். பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். நுழைவுச்சீட்டு அடக்கமா? அடக்கமில்லை என்றால், அந்த நாளுக்கு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா, இல்லை நாங்களே எடுக்க வேண்டுமா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்தப் பயணம் வேண்டாம்.

இன்னொரு தவறான எண்ணம், பேருந்து கோட்டை வாசலில் நிற்கும் என்பது. நிற்காது. எல்லோரையும்போலக் கீழே கிராமத்தில் இறக்கிவிடுவார்கள், ஏற்றம் உங்கள் பாடு. அங்கே கிடைப்பது மூன்று மணி நேரம், கூடினால் மூன்றரை. ஏறுவது, உள்சுற்று, பாலம், இறங்குவது என்று முடித்தால் சாப்பிட நேரமிருக்காது. வயதானவர்களை இதில் அனுப்பினால் சிரமமில்லை என்று நினைப்பது பாதி உண்மைதான். ரயில் மாறும் அலைச்சல் இருக்காது. ஆனால் மெதுவாக நடக்கிறவருக்குத் தேவையானது அவகாசம், பேருந்து தராத ஒன்று அதுதான்.

தனியாகவோ இருவராகவோ வருபவர்கள், கால அட்டவணை பார்க்கப் பிடிக்காதவர்கள், லின்டர்ஹோஃபையும் பார்க்க விரும்புபவர்கள் இதை எடுக்கலாம். நான்கு பேருக்கு ரயிலைப்போல நான்கு மடங்கு செலவாகும்.

## 3. வாடகைக் கார்

மியூனிக்கிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஏ96 நெடுஞ்சாலையில் லாண்ட்ஸ்பெர்க் வரை போய், அங்கிருந்து பி17 சாலையில் தெற்கே திரும்பினால் ஷோங்காவ், ஸ்டைன்காடன் வழியாக மலை மெல்ல மெல்ல எழும்பி வரும். போகும் வழியே அழகு. ஸ்டைன்காடன் அருகே வயல் நடுவில் நிற்கும் வீஸ் தேவாலயம் 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. கார் உள்ளவருக்கு அது அரை மணி நேர விலகல்தான்.

செலவை இப்படிக் கூட்டுங்கள். வாடகை, எரிபொருள், கிராமத்தில் நிறுத்தக் கட்டணம் (பத்து யூரோவைத் தாண்டும்), இரண்டாவது ஓட்டுநருக்கான கூடுதல் தொகை, விபத்துக் காப்பீட்டில் நம் தலையில் விழும் பங்கு. ஜெர்மனியில் குறைந்த விலை வண்டிகள் பெரும்பாலும் கையால் கியர் மாற்றுபவை. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்ல வேண்டும், விலையும் ஏறும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம், சாலையில் வலப்பக்கம் என்பது நெடுஞ்சாலையில் சிரமம் தராது. சிறிய ஊர்களில் திரும்பும்போதும், வட்டச் சந்திப்பில் நுழையும்போதும்தான் கை தடுமாறும்.

கோட்டை வரை கார் போகாது. ஹோஹன்ஷ்வாங்காவில் எண்ணிட்ட நிறுத்துமிடங்கள் இருக்கின்றன, கோடை விடுமுறையில் முற்பகலிலேயே நிரம்பிவிடும். ஊர் நுழைவில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்க, டிக்கெட் நேரம் கரைவதைக் கையைப் பிசைந்தபடி பார்க்க நேரும். காலை 9 மணிக்கு முன் சேர்ந்துவிடுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்கு மியூனிக்கில் ஆறரைக்கே கிளம்ப வேண்டும். ஞாயிறு மாலை திரும்பும் வழியில் நெரிசல் நிச்சயம்.

ஃபூஸனிலிருந்து லின்டர்ஹோஃபுக்குக் குறுக்கு வழி ஆஸ்திரியாவின் ராய்ட்ட, பிளான்ஸே ஏரி வழியாகப் போகிறது. அற்புதமான சாலை. நாடு மாறுவதால் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும், வாடகை நிறுவனம் எல்லை தாண்ட அனுமதித்திருக்க வேண்டும். பனி கொட்டினால் அந்த மலைச்சாலை மூடப்படலாம்.

கைக்குழந்தை, தள்ளுவண்டி, பால் புட்டி என்று மூட்டை நிறைய உள்ள குடும்பத்துக்கும், கோட்டையை முடித்துவிட்டு மியூனிக் திரும்பாமல் வேறு பக்கம் போகிறவர்களுக்கும் கார் பொருந்தும். தள்ளுவண்டியையும் பெரிய முதுகுப்பையையும் உள்சுற்றில் விடமாட்டார்கள் என்பதால் குழந்தையை மார்போடு கட்டும் துணியைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள்.

## 4. ஃபூஸனில் ஓரிரவு

செலவு அதிகமானதுபோல் தெரியும் இந்த வழியைத்தான் நாங்கள் முதலில் பரிந்துரைப்போம், பயணத்திட்டத்தில் இடமிருந்தால்.

மியூனிக்கிலிருந்து ரயில்களிலும் பேருந்துகளிலும் பெருங்கூட்டம் வந்து சேர்வது பத்தரைக்கு மேல்தான். கோடையில் கோட்டை 9 மணிக்கே திறக்கிறது. ஃபூஸனில் விழித்தெழுந்தவர் முதல் குழுக்களில் ஒன்றில் நுழைந்து, வெளியே வந்து, மாரியன் பாலத்தில் நின்று படமெடுத்து முடித்த பிறகே கூட்டம் மலையேறத் தொடங்கும். நண்பகலில் அந்தப் பாலத்தில் ஆள்மேல் ஆள் நிற்பார்கள். ஒரு படம் எடுக்க வரிசையில் நகர வேண்டியிருக்கும். மாலை ஆறுக்குப் பிறகு பாதி காலியாக இருக்கும்.

இரண்டாவது லாபம் வானிலை. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் மேகம் இறங்கினால் பாலத்திலிருந்து கோட்டையே தெரியாது. ஒரே நாளில் வருகிறவருக்கு அன்று என்ன கிடைக்கிறதோ அதுதான். இரண்டு பகல் கையில் இருந்தால் ஒன்றாவது தெளியும்.

மறைமுகச் செலவுகளும் உண்டு. அறை வாடகைக்கு மேல் ஆள் கணக்கில் இரவுக்குச் சுற்றுலா வரி கட்ட வேண்டும். அதற்கு ஈடாகத் தங்குமிடம் தரும் ஃபூஸன் விருந்தினர் அட்டையில் உள்ளூர்ப் பேருந்து இலவசம். வந்து சேர்ந்ததுமே கேட்டு வாங்குங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், பழம், ரொட்டி, தண்ணீரைச் சனிக்கிழமையே வாங்கிவையுங்கள். சைவம் சாப்பிடுபவருக்கு உணவகங்களில் கைகொடுப்பது கேஸ்ஷ்பாட்சன்: பாலாடைக்கட்டியில் புரட்டி, மேலே வறுத்த வெங்காயம் தூவிய மாவுத் துண்டுகள். சில இடங்களில் பன்றி இறைச்சித் துணுக்கும் சேர்ப்பார்கள், சொல்லி வாங்க வேண்டும்.

மிச்சமுள்ள பொழுதுக்குக் குறைவில்லை. லுட்விக் சிறுவனாக வளர்ந்த மஞ்சள் நிற ஹோஹன்ஷ்வாங்காவ் கோட்டை, ஏரிக்கரையில் பவேரிய அரசர்கள் அருங்காட்சியகம், 1,700 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் டெகல்பெர்க் கம்பிவட வண்டி. ஃபோர்கன்ஸே ஏரியில் படகு ஏற நினைப்பவர் ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரைக்குள் வர வேண்டும். அது அணைக்கட்டு நீர்த்தேக்கம். குளிர்காலத்தில் தண்ணீரை வடித்துவிடுவதால் சேறும் சரளையும்தான் தெரியும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ரயில் | சுற்றுலாப் பேருந்து | வாடகைக் கார் | ஓரிரவுத் தங்கல் |
|---|---|---|---|---|
| 4 பேருக்குப் பயணச் செலவு (நுழைவு தவிர) | சுமார் 65 யூரோ | 240 யூரோவுக்கு மேல் | வண்டியையும் காப்பீட்டையும் பொறுத்து 100 யூரோவுக்கு மேல் | ரயில் செலவும் அறை வாடகையும் |
| எடுக்கத்தக்க நுழைவு நேரம் | வார நாள்: மதியம் 2க்குப் பிறகு, சனி, ஞாயிறு: 11 முதல் | பேருந்து தீர்மானிக்கும் | காலை 10 முதல் | திறக்கும் நேரம் முதல் |
| எங்கே சொதப்பும் | 9 மணி விதி, இணைப்பு ரயில் | நுழைவுச்சீட்டு, அவகாசம் | நிறுத்துமிடம், நெரிசல் | கோடையில் அறை கிடைப்பது |
| லின்டர்ஹோஃப் சேர்த்து | முடியாது | முடியும் | முடியும் | கார் இருந்தால் |

## எதில் வந்தாலும் தப்பாத கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர்

கிராமத்திலிருந்து கோட்டை வரை ஒன்றரைக் கிலோமீட்டர் செங்குத்தான தார்ச்சாலை. திடமானவருக்கு முப்பது, நாற்பது நிமிடம். குழந்தையோடு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரை வண்டிக்கு ஏற ஆளுக்குச் சுமார் 8 யூரோ, இறங்க அதில் பாதி. ரொக்கம் வைத்திருங்கள். முன்பதிவு இல்லை, வரிசையில் நின்று ஏற வேண்டும். அதுவும் வாசல் வரை போகாது. கடைசி ஐந்து பத்து நிமிடம் ஏற்றத்தில் நடக்கத்தான் வேண்டும்.

சிற்றுந்துக்கு மூன்று யூரோ அளவில்தான் கட்டணம். அது மாரியன் பாலத்துக்கு அருகே, கோட்டையைவிட உயரமான இடத்தில் இறக்கும். அங்கிருந்து கோட்டைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் சரிவில் இறங்க வேண்டும். மூச்சு வாங்குகிறவருக்கு இதுவே நல்லது. முட்டி வலிக்காரருக்கு இறக்கம் ஏற்றத்தைவிடக் கொடுமை, அவருக்குக் குதிரை வண்டி. பெரியவர்களோடு போகும்போது இந்த வேறுபாட்டை யோசிக்காமல் மலிவானதில் ஏற்றிவிடுகிறார்கள்.

எதில் ஏறினாலும் டிக்கெட் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கிராமத்தில் இருங்கள். பாலத்தை முதலில் பார்த்துவிட்டுக் கோட்டைக்கு இறங்கி வரத் திட்டமிட்டால் இரண்டு மணி நேரம்.

## குளிர்காலத்தில் கணக்கு மாறும்

அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு மார்ச் இறுதி வரை கோட்டை 10 மணிக்குத் திறந்து 4 மணிக்கு மூடும். டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 விடுமுறை. டிக்கெட் எளிதாகக் கிடைக்கும், பனி போர்த்திய கூரையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் வார நாளில் பயர்ன்-டிக்கெட்டில் வருகிறவருக்கு 2 மணி, இரண்டரை மணி நுழைவைத் தவிர வேறு எதுவும் ஒத்துவராது, வெளியே வரும்போது வெளிச்சம் மங்கியிருக்கும். அந்த மாதங்களில் ரயிலுக்குச் சனி ஞாயிறு, இல்லாவிட்டால் ஃபூஸனில் தங்கல்.

சாலையில் உறைபனி இருந்தால் சிற்றுந்து ஓடாது. மாரியன் பாலத்தையும் பூட்டிவிடுவார்கள். 90 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கின் மேல் பனி படிந்த பலகையில் நடக்க விடமாட்டார்கள் என்பது நியாயம்தான். தடுப்பைத் தாண்டி ஏற முயல வேண்டாம். காலுக்குப் பிடிமானமுள்ள காலணி கட்டாயம். பாலம் மூடியிருக்கும் நாளில் கோட்டையின் முழுத் தோற்றம் வேண்டுமென்றால் கீழே ஷ்வாங்காவ் வயல்வெளிக்கு வாருங்கள். புனித கொலோமன் சிற்றாலயம் தனியாக நிற்கும் அந்தச் சமவெளியிலிருந்து, பின்னால் மலை எழ, கோட்டை வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருப்பது தெரியும்.